திருப்பக் கூடாத முட்டைகள்

ஜனவரி 9

முட்டைகள் இரண்டு. இன்று காலை 6.40-க்கு, நான்காம் பெட்டியில், ஈரப் பக்கத்துச் சப்பைக்கல்லின் அடியில். முதலில் பார்த்தவர் ஆய்வக உதவியாளர் பாவாயி. 7.15-க்கு விலங்கியல் விரிவுரையாளர் கார்குழலி வந்து உறுதி செய்தார். நான் எட்டு மணிக்குப் பார்த்தேன். வெள்ளை நிறம். நீளம் 11 மில்லிமீட்டர். சீரக மிட்டாயை விடக் கொஞ்சம் பெரிது.

இந்த நாட்குறிப்பை எழுதச் சொன்னவர் கார்குழலி. நீங்கள் முப்பத்தாறு ஆண்டுகள் மாவட்ட நிருபராக இருந்தவர், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவீர்கள் என்றார். கல்லூரிக்கு நானாகத்தான் போய், உதவி செய்யலாமா என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு, ஓய்வு பெற்றபின் பொழுது போகவில்லை என்றேன்.

நிலவரம் இது. எங்களிடம் இருப்பவை ஏழு தரைப்பல்லிகள்; ஆண் மூன்று, பெண் நான்கு. குருக்கத்திக் கரடு என்ற பாறைக்குன்றின் மேற்குச் சரிவைக் கல்குவாரிக்காக வெட்டியபோது கற்களுக்கடியிலிருந்து மீட்டவை. இந்த வகை வேறெங்கும் இருப்பதாக இதுவரை பதிவில்லை. இவற்றை வைத்து வளர்க்க வனத்துறை தந்த அனுமதி ஜூன் 15-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் உயிருள்ள குஞ்சு ஒன்றாவது பிறந்தால் வேலை தொடரும். பல்லிகளைத் திரும்ப விட இடம் வேண்டும் என்பதால் கரட்டின் கிழக்குச் சரிவு ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். பிறக்காவிட்டால் ஏழும் வெளியூர்ப் பூங்காவுக்குப் போகும். கிழக்குச் சரிவு குவாரிக்குப் போகும்.

ஜனவரி 10

முட்டைகளைத் தாய் இருக்கும் பெட்டியிலேயே விட முடியாது. மிதிக்கும், சில சமயம் தின்றும்விடும். கார்குழலி இரண்டையும் கரண்டியால் எடுத்து, ஈரத் தென்னை நார்த்தூள் பரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, அறையின் மூலையில் இருக்கும் அலமாரிக்கு மாற்றினார். வெப்பம் 26.5 டிகிரி. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பாவாயிக்கு. அவர் இருபத்துநான்கு ஆண்டுகள் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்தவர். புது எந்திரங்கள் வந்ததும் அங்கிருந்து அனுப்பப்பட்டு, மூன்று ஆண்டுகளாக இங்கே இருக்கிறார். மாவட்டத்தில் முட்டையைப் பற்றி அவரை விடத் தெரிந்தவர் யார் என்று கார்குழலி சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அறையில் பகலும் இரவும் மாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. இவை இருட்டில்தான் வெளியே வரும். ஆகவே காலை 11 மணிக்கு விளக்குகள் தாமாக அணைந்து ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். அதன்பின் ஒவ்வொன்றாகக் கல்லுக்கடியிலிருந்து தலை நீட்டும். பழுப்பு உடம்பு, குறுக்கே ஐந்து மஞ்சள் பட்டைகள். வீட்டுப் பல்லிக்கு இருப்பது போல விரலில் ஒட்டும் பட்டை கிடையாது.

"சொவுத்துல ஏறாத பல்லிக்குப் பல்லின்னு பேர் வெச்சது யாருங்க?" என்றார் காவலாளி அர்த்தநாரி. "நம்மாட்டத் தரையிலேயே நடக்குது."

ஜனவரி 12

முட்டைகளின் மேல் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. அடையாளத்துக்காக இருக்கும்.

ஜனவரி 13

இன்று வட்டக் குறி. வெப்பம் 26.5.

ஜனவரி 15

பொங்கல். கல்லூரி விடுமுறை. பதினொரு மணிக்குப் போனேன். வாசலில் அர்த்தநாரி மட்டும் இருந்தார்.

"பல்லிக்கு ஏசி போட்டுக் குடுக்கறீங்க. எனக்கொரு டேபிள் பேன் கேட்டா பட்ஜெட் இல்லீங்கறாங்க."

"பாவாயி வந்தாங்களா?"

"ஏன் கேக்கறீங்க, காத்தால ஒருக்கா வந்துச்சு. மத்தியானம் பொங்கலத் தூக்கிட்டு வாரேன்னுச்சு. சாயங்காலம் மறுக்கா வருமாமா. புள்ளத்தாச்சியக்கூட இப்புடி யாரும் பாக்க மாட்டாங்க."

பண்டிகை நாளில் மூன்று முறை. இப்படி ஒருவர் கிடைப்பது அரிது என்று குறித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 22

பெருக்கல் குறி. 26.4.

ஜனவரி 23

வட்டம். 26.6.

பிப்ரவரி 3

இரை கொடுக்கும் நாள். சுவர்க்கோழிப் பூச்சிகளைத்தான் தின்கின்றன; சிறியவை மட்டும். அவற்றைப் போடுமுன் சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெண் பல்லிக்கு ஓடு போட்ட முட்டை இட முடியாது. கடையில் வாங்கும் தூள் தீர்ந்துவிட்டது. பாவாயி வீட்டிலிருந்து கோழிமுட்டை ஓட்டை வேகவைத்து, காயவைத்து, மாவாக இடித்துக் கொண்டுவந்தார். கார்குழலி விரலில் தேய்த்துப் பார்த்து, கடைத் தூளை விட நயம் என்றார்.

பெருக்கல் குறி. 26.5.

பிப்ரவரி 19

நாற்பத்தொன்றாம் நாள். இரண்டு முட்டைகளும் கெட்டுவிட்டன.

ஒன்றில் பக்கவாட்டில் குழி விழுந்திருந்தது. கார்குழலி தட்டில் வைத்துத் திறந்தார். உள்ளே அரிசியில் பாதி அளவு கரு. ஓரிரு வாரங்களிலேயே வளர்ச்சி நின்று இறந்திருக்க வேண்டும் என்றார். இரண்டாவதிலும் அதே. வெப்பப் பதிவுகளைப் புரட்டினார். ஒரு நாளும் தவறில்லை. பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"யாராச்சும் இதை அசைச்சீங்களா?"

"அசைக்கறதுங்களா?" என்றார் பாவாயி. "நான் எதுக்குங்க அசைக்கறேன்? பதமாத் திருப்பித்தான் வெச்சேன். நாளைக்கு மூணு தடவ. பொங்கலன்னைக்குக்கூட உடலீங்க."

கார்குழலி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

கோழிமுட்டையைத் திருப்பாமல் விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். அதற்காகப் பொரிப்பகத்தில் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறு பக்கம் வட்டமும் போட்டு, எது மேலே இருக்கிறது என்று பார்த்துத் திருப்புவார்கள். பல்லி முட்டையில் நேரெதிர். இட்ட ஓரிரு நாளில் கரு மேல்பக்கத்து ஓட்டைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் திருப்பினால் பிடி விட்டு அழிந்துபோகும்.

பல்லி முட்டையைத் திருப்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக் கார்குழலி சொல்லவில்லை. முட்டை என்றால் திருப்பத்தான் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துப் பாவாயி கேட்கவில்லை.

பாவாயி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்.

பிப்ரவரி 20

என் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தேன். பெருக்கல் குறி பதினெட்டு நாள், வட்டம் பதினாறு நாள். ஒரு கேள்விகூட எழுதி வைக்கவில்லை.

பிப்ரவரி 25

பாவாயி ஐந்து நாட்களாக வரவில்லை. போனும் எடுப்பதில்லை. இன்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சாக்கு விரித்துச் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. வேலைக்குக் கூப்புட வந்தீங்கன்னா டீயக் குடிச்சுட்டு அப்படியே போயிருங்க."

"கூப்புட வரல. ஒண்ணு காட்டோணும்."

குறிப்பேட்டைக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இதென்னுங்க, பெருக்கல், வட்டம், பெருக்கல், வட்டம்… தாயம் உருட்டுனாப்புல எழுதி வெச்சிருக்கீங்க?"

"தெனமும் பார்த்தது. ஏன் மாறுதுன்னு உங்களக் கேக்கவே இல்ல."

"நிருபரு வேலையே கேக்கறதுதானுங்களே?"

"ஆமா."

குறிப்பேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் கொன்னிருக்கோம்."

"ஆமாங்க."

"லட்சக்கணக்குல பொரிச்சிருக்கேன். ஒண்ணோட மூஞ்சியக்கூடப் பார்த்ததில்லீங்க. கூடையில அள்ளி லாரியில ஏத்துறதுதான். இது ரெண்டுதான் பொறந்தா எப்புடி இருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருந்தது."

அவர் அழவில்லை. வெங்காயம் ஆய்பவர் கண்ணைப் பார்த்து அதை உறுதியாகச் சொல்லவும் முடியாது.

இனிமேல் திருப்பாமல் இருந்தால் போதாதா என்று கேட்டேன்.

"அதானுங்க பயமே. நான் மறந்தாலும் கை மறக்காது. டப்பாவத் தொறந்தா அது பாட்டுக்குப் போயிரும்." யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. டப்பாவக் கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டுங்க. சாவிய அர்த்தநாரிகிட்டக் குடுத்துருங்க. நான் காலுல உழுந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிப்போடுங்க."

நாளை வருவதாகச் சொன்னார். டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 27

கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு. சாவி அர்த்தநாரியின் அரைஞாண் கயிற்றில். முதல் நாளே கார்குழலி கேட்டபோது, எழுத்துமூலம் கேட்டால் தருகிறேன் என்றிருக்கிறார்.

மார்ச் 10

இரண்டாம் பெட்டியில் ஆணையும் பெண்ணையும் சேர்த்து விட்டார்கள். மதியம் 12.20-க்கு ஆண் மெல்ல வால் நுனியை ஆட்டியபடி நெருங்கி, பெண்ணின் பிடரியைக் கடித்துப் பிடித்தது.

"இது சண்டைங்களா, சம்சாரமுங்களா?" என்றார் அர்த்தநாரி.

"ரெண்டும்தாண்ணா," என்றார் கார்குழலி.

"அப்ப எங்க ஊடு மாதிரிதான்."

ஏழு நிமிடம் நீடித்தது.

ஏப்ரல் 3

முட்டைகள் இரண்டு. இரண்டாம் பெட்டி. காலை 7.05. பார்த்தவர் பாவாயி, கல்லைத் தூக்கியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கார்குழலியைக் கூப்பிட்டார்.

கார்குழலி எடுக்குமுன்னரே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலேயே இருக்கும்படி டப்பாவில் பாதி புதைத்தார். பூட்டினார்கள். இதற்கு நெருங்கிய வகைகள் பொரிக்க 65 முதல் 75 நாள் வரை ஆகுமாம். அதாவது ஜூன் 7-க்கும் 17-க்கும் நடுவே. கெடு ஜூன் 15.

ஏப்ரல் 16

கரு பிடித்திருக்கிறதா என்று பார்க்கும் நாள். முட்டையை எடுக்காமல் பார்க்க வேண்டும். வழி சொன்னவர் பாவாயி. பொரிப்பகத்தில் இருட்டில் விளக்கை முட்டையோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார்களாம். கறுப்பு அட்டையைச் சுருட்டிப் பேனா மூடி அகலத்துக்குக் குழல் செய்து, போன் டார்ச்சின் முன்னால் ஒட்டினார்.

அர்த்தநாரி வந்து, நேரத்தைக் கேட்டு, நோட்டில் எழுதி, பூட்டைத் திறந்தார். சிவப்பு பல்பையும் அணைத்தோம். பாவாயி வலது கையை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டு, இடது கையால் மட்டும் குழலை முட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

முட்டை உள்ளிருந்து எரிவது போல் இளஞ்சிவப்பானது. அதில் மயிரிழை போன்ற ரத்த நாளங்கள், ஒரு மையத்திலிருந்து பிரிந்து ஓடின.

"ஓடுது பாருங்க," என்றார் பாவாயி. "செகப்பா ஓடுது பாருங்கம்மணி."

இரண்டாவதிலும் ஓடியது. முதல் ஜோடியில் நாங்கள் இதைப் பார்க்கவே இல்லை. கார்குழலி கேண்டீனுக்கு ஆள் அனுப்பி எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னார்.

மே 6

வெளியே 40 டிகிரி. காலை 10.10-க்குப் பின்பக்கத்து டிரான்ஸ்பார்மர் வெடித்தது. ஏசி நின்றது. ஜெனரேட்டரின் மின்சாரம் முழுவதும் தேர்வுக் கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே அறுநூறு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரைக்குள் அறை 26-லிருந்து 29-க்கு ஏறிவிட்டது. 32-க்கு மேல் கரு தாங்காது என்றார் கார்குழலி.

டப்பாவைக் குளிர்ந்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன்.

"தூக்கறதா?" பாவாயி என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்குளுக்கும் ஒரு பூட்டுப் போடோணும்."

ஐஸ் வைக்கலாமா என்றார் கார்குழலி. அதுவும் வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் ஓடு வேர்க்கும் என்றார் பாவாயி. கோழிக் கொட்டகையில் கோடைக்குச் செய்வதையே செய்தார். கேண்டீனிலிருந்து பதினான்கு சாக்குகள் வந்தன. நனைத்துப் பிழிந்து ஜன்னல்களிலும் கதவிலும் படுதாவாகத் தொங்கவிட்டார். கூரை ஓட்டின்மேல் அர்த்தநாரி குடத்தால் நீர் ஊற்றினார். பிறகு ஆளுக்கொரு விசிறி மட்டை. படுதாவைப் பார்த்து வீசினோம், டப்பாவைப் பார்த்து அல்ல.

"கடைசியில ஏசிக்குப் பதிலா என்னையே மாட்டிப்புட்டீங்க," என்றார் அர்த்தநாரி. வீசுவதை நிறுத்தவில்லை.

பாவாயி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புறங்கையைக் கண்ணாடியில் வைத்து அளவு சொன்னார். "இருபத்தொம்பதரை." வெப்பமானியில் 29.6. "முப்பது தாண்டுது, இன்னொரு சாக்கு." 30.1.

மின்சாரம் மாலை 3.30-க்கு வந்தது. ஐந்து மணி இருபது நிமிடம். மிக அதிகம் 30.4. அட்டைக்குழல் வைத்துப் பார்த்தோம். ஓடுகிறது.

மே 10

ஒன்றாம் பெட்டியில் மூன்றாம் ஜோடி முட்டைகள். புள்ளி வைத்துப் பூட்டப்பட்டன. இவை கெடுவுக்குள் பொரிக்காது. கணக்கில் மட்டும் சேர்க்கிறேன்.

மே 19

ஆய்வுக் குழு ஜூன் 15 காலை 11 மணிக்கு வருவதாகக் கடிதம். குவாரித் தரப்பு கொடுத்த மனுவின் நகலையும் இணைத்திருக்கிறார்கள். கிழக்குச் சரிவில் உயிரினம் எதுவும் இல்லை என்பதற்குச் சான்றாக ஆறு ஆண்டுக்கு முந்தைய நாளிதழ்த் துண்டு ஒன்று. 'குருக்கத்திக் கரட்டில் முள்ளும் கல்லும் மட்டுமே: அதிகாரி தகவல்.' நான்கு வரிச் செய்தி.

கார்குழலி அதைக் கோபத்தோடு வாசித்தார். "யார் எழுதினதோ. ஒரு தடவை மேல ஏறிப் பார்த்திருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாங்க. இல்லியா சார்?"

அந்தக் காலத்தில் மாவட்டப் பக்கச் செய்திகளில் நிருபர் பெயர் போடுவதில்லை. துண்டில் உள்ள தேதி சரிதான்.

மே 20

கல்லூரிக்குப் போகவில்லை.

மே 24

கார்குழலியை அழைத்துக்கொண்டு குருக்கத்திக் கரட்டின் கிழக்குச் சரிவில் ஏறினேன். முந்தாநாள் மழை பெய்திருந்தது. காலை 5.30-க்குத் தொடங்கினோம்.

"உங்க முட்டிய வெச்சுக்கிட்டு எதுக்கு சார் இந்த வீம்பு? நான் பசங்களைக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

நானே பார்க்க வேண்டும் என்றேன்.

ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, பார்த்து, இருந்தபடியே திரும்ப வைத்தோம். தேள் மூன்று. பூரான் ஒன்று. முப்பத்துநான்காவது கல்லின் அடியில், ஈர மண்ணில், ஐந்து மஞ்சள் பட்டைகள். பெண். வால் ஒருமுறை அறுந்து மறுபடி வளர்ந்தது. பக்கத்தில் பொரித்துப்போன பழைய ஓடுகள் இரண்டு. கார்குழலி இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்து படம் எடுத்தார். பிடிக்கவில்லை. கல்லை நான் மெதுவாக வைத்தேன்.

கார்குழலி கீழே இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அடிவாரத்திலிருந்து அந்தக் கல்வரை ஏற ஐம்பது நிமிடம் ஆனது. அவ்வளவுதான் ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஜூன் 7

அறுபத்தைந்தாம் நாள். மாற்றமில்லை.

ஜூன் 10

மாற்றமில்லை. பாவாயி சாப்பாட்டுத் தூக்கை அலமாரிக்கு முன்னாலேயே வைத்துச் சாப்பிடுகிறார்.

ஜூன் 12

வனச்சரகர் போன் செய்தார். நல்ல மனிதர்தான். "பொறந்திருந்தா எழுதுவோம் சார். முட்டையைக் குஞ்சுன்னு எழுத முடியாது. பதினஞ்சுன்னா பதினஞ்சுதான்."

கார்குழலி இரண்டு வகையாகவும் அறிக்கை தயார் செய்து வைத்திருக்கிறார். ஒன்றைத்தான் எனக்கு வாசித்துக் காட்டினார்.

ஜூன் 13

ஓடுகள் சாம்பல் நிறமாகிவிட்டன. கெட்டுவிட்டதா என்று கேட்டேன். இந்த முறை கேட்டுவிட்டேன்.

"கெட்டதுன்னா நாத்தம் வரும், குழி உழுகும். ரெண்டும் இல்லீங்க. உள்ளாற எடம் பத்தாம நெருக்கிக்கிட்டு நிக்குது," என்றார் பாவாயி. "நாளைக்குன்னு தோணுது. ஆனா எழுதிப்போடாதீங்க. இது கோழி இல்ல."

எழுதிவிட்டேன்.

ஜூன் 14

குஞ்சு ஒன்று. உயிருடன். காலை 9.40. பார்த்தவர்கள் பாவாயி, அர்த்தநாரி, நான்.

7.50-க்குப் புள்ளிக்குப் பக்கத்தில் மயிரளவு விரிசல். கார்குழலி பேருந்தில் வந்துகொண்டிருந்தார். அர்த்தநாரி வீடியோ காலில் போனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். 8.30-க்கு விரிசல் முக்கோணமாகத் திறந்தது. மூக்கு நுனி தெரிந்தது. பிறகு முப்பத்தைந்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பாவாயி இரண்டு கையையும் அக்குளில் இறுக்கி வைத்திருந்தார்.

"கொஞ்சமா உரிச்சு விட்டா என்னக்கா?" என்றார் அர்த்தநாரி.

"உரிச்சா உசிரு போயிரும். அது வேலைய அது பாக்கட்டும். வாய மூடு."

9.05-க்குத் தலை முழுதாக வெளியே வந்தது. கண்ணைத் தன் நாக்காலேயே நக்கித் துடைத்துக்கொண்டது. பிறகு ஓய்வு. பிறகு ஒரே உதறலில் முன்கால், உடம்பு, பின்கால், வால். நீளம் நாற்பது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து பட்டைகள், பெரியவற்றின் மஞ்சள் அல்ல, எலுமிச்சம்பழத்தின் மஞ்சள்.

போனில் கார்குழலி கத்தியதில் பேருந்தில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டது எங்களுக்கே கேட்டது. "பொறந்துருச்சுங்க," என்று அவர் யாருக்கோ சொன்னார். "பல்லிங்க." பேருந்தில் யாரோ கை தட்டினார்கள்.

பாவாயி கண்ணாடியில் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதானா உம் மூஞ்சி," என்றார்.

அர்த்தநாரி அரைஞாண் கயிற்றை அவிழ்க்கப் போனார். "அதான் பொறந்துருச்சே, சாவி எதுக்குங்க இனி?"

"இன்னொண்ணு உள்ளாற இருக்குதல்ல? கட்டு கட்டு."

ஜூன் 15

இரண்டாவது குஞ்சு காலை 6 மணிக்குள் வெளியே வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, 6.10-க்குப் பாவாயி வந்தபோது ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

குழுவில் ஐந்து பேர். 11.05-க்கு வந்தார்கள். விளக்கு அதற்குள் அணைந்திருந்தது; சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் இரண்டு குஞ்சுகளும் நார்த்தூளில் நடந்தன. வனச்சரகர் குனிந்து பார்த்து, "ரெண்டு போட்டுக்கோங்க," என்று எழுத்தரிடம் சொன்னார்.

பிறகு மேசைக்கு வந்தோம். உறுப்பினர் ஒருவர் அந்த நாளிதழ்த் துண்டை எடுத்து வைத்தார். குஞ்சு பிறந்தது சரி. ஆனால் கிழக்குச் சரிவில் எதுவுமில்லை என்று அப்போதே பத்திரிகையில் வந்திருக்கிறது. பல்லி இல்லாத இடத்தில் பல்லியை விட எதற்கு நிலத்தை ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். கார்குழலி மே 24-ஆம் தேதிப் படத்தைக் காட்டினார். படம் போன மாதம் எடுத்தது, செய்தி அன்றைக்கே வந்தது என்றார் அந்த உறுப்பினர்.

பேச அனுமதி கேட்டேன். நான் சொன்னது மூன்று வாக்கியம். கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கிறது. "இந்தச் செய்தியை எழுதியவன் நான். அதிகாரி அடிவாரத்தில் நின்று சொன்னதை அடிவாரத்தில் நின்று எழுதினேன். மே 24 அன்று மேலே ஏறிப் பார்த்தேன், செய்தி பொய்."

உறுப்பினர் துண்டைத் தம் கோப்பில் திரும்ப வைத்துக்கொண்டார். வேறு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பன்னிரண்டரைக்கு முடிவைச் சொன்னார்கள். பல்லிகள் இங்கேயே இருக்கும். அனுமதி மேலும் மூன்று ஆண்டு. கிழக்குச் சரிவை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப் பரிந்துரை.

கார்குழலி பாவாயியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொழுது போகலன்னுதான வந்தீங்க சார்?"

"அப்படித்தான் சொன்னேன்."

"சரி," என்றார். "கேசரி சாப்பிடுங்க."

பாவாயி அப்படி விடவில்லை. "ஏனுங்கண்ணா, என்னைய ஒண்ணும் கேக்காம உட்டேன்னு அன்னைக்கு வந்து நின்னீங்களே? கேக்காம எழுதறது ஆறு வருசம் முந்தியே பழக்கமா?"

"ஆமாங்க."

"நல்ல ஆளு போங்க," என்று கேசரித் தட்டை என் கையில் வைத்தார். இன்னொரு கரண்டி போட்டார்.

ஜூன் 16

வெப்பம் 26.5. குஞ்சுகள் இரண்டும் நலம். இன்னும் இரை எடுக்கவில்லை. முதல் தோல் உரித்தபின் எடுக்கும், 18-ஆம் தேதி வாக்கில் என்கிறார் கார்குழலி. பாவாயி அதற்காகக் கடுகளவு சுவர்க்கோழிகளைப் பொறுக்கித் தனியே வைத்திருக்கிறார்.

கிழக்குச் சரிவு பற்றிய எழுத்துப்பூர்வ ஆணை 30-ஆம் தேதிக்குள் வர வேண்டும். வரும்வரை அது பரிந்துரைதான். மூன்றாம் ஜோடி முட்டைகள் கார்குழலியின் கணக்குப்படி ஜூலை 21. பாவாயி ஒரு நாள் முன்னதாகச் சொல்கிறார்.

இன்று மதியம் 2.40-க்கு மூன்றாம் பெட்டியின் பெண் பல்லி, இதுவரை ஒருமுறைகூட முட்டையிடாதது, ஈரப் பக்கத்து மண்ணைப் பின்கால்களால் தோண்டிக்கொண்டிருந்தது. பார்த்தது நான் மட்டும். கல்லை இப்போது தூக்கக் கூடாது, மிரளும் என்று பாவாயியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாளைக் காலை ஆறரைக்கு மூன்று பேரும் சேர்ந்து தூக்கிப் பார்க்கிறோம்.